வன்னிப் பாடசாலைகளும் மெய்வல்லுநர் போட்டியும்: புளியங்குளத்தை முன்னிறுத்திய ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழரின் சமூக வரலாற்றை ஆராய்ந்தோர் பாடசாலை பற்றி நிறையவே எழுதியுள்ளனர். மிஷன் கல்வி, அதற்கெதிராக எழுந்த சைவக் கல்வி, போதனா மொழி, பரீட்சை, தரப்படுத்தல் என்பன அவ்வெழுத்துக்களின் பொருளாயின. ஆயின் அவ்வெழுத்துக்கள் யாவும் வகுப்பறையின் வாயிலோடு நின்றுவிடுகின்றன. வாயிலுக்கு வெளியே, வேலியோரம் வரை விரிந்து கிடக்கும் மைதானம் ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்ளப்படவில்லை. ஆண்டுக்கொருமுறை சுண்ணாம்புக் கோடு இழுத்து, நான்கு நிறத்திலே கொடி கட்டி, ஊர் முழுவதையும் ஓரிடத்திற் கூட்டிவைக்கும் இல்ல மெய்வல்லுநர் போட்டி பாடசாலை மலர்களில் நிழற்படமாகவும் பரிசில் பட்டியலாகவும் மட்டுமே எஞ்சியுள்ளது. அது எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது, வன்னியின் சிற்றூர்களிலே அது என்னவாக மாறிற்று என்பவற்றைப் புளியங்குளத்தையும் அதன் அயலூர்களையும் முன்னிறுத்தி நோக்குதலே எமது கருத்தாகும்.

தமிழ்ச் சங்க வெளியீடுகளில் எப்பொருள் பற்றி எழுதினும் சங்க இலக்கியத்தில் தொடங்குதல் ஒரு மரபாகிவிட்டது. போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையாரும் நக்கண்ணையாரும் பாடியுள்ளமையைக் காட்டி, தமிழர் மெய்வல்லமை ஈராயிரம் ஆண்டுத் தொன்மை வாய்ந்தது என நிறுவுதல் எளிது. நாம் அவ்வழியிற் செல்லவில்லை. அங்கு பாடப்பெறுவது ஓர் அரசகுமாரனின் உடல். அதனைப் பார்த்து நிற்போர் ஊரார். நாம் பேசப்புகும் போட்டியிலோ உழவனின் மகனும் கூலித் தொழிலாளியின் மகளும் தாமே கோட்டில் நிற்கின்றனர். அவர்களின் பெயர் ஒலிபெருக்கியில் அழைக்கப்படுகின்றது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ளது தொடர்ச்சியன்று. காலனித்துவமும் இலவசக் கல்வியும் ஏற்படுத்திய முறிவே அங்குள்ளது. கிளித்தட்டும் போர்த்தேங்காயும் மாட்டுவண்டிச் சவாரியும் எம்மூர்களில் தொன்றுதொட்டு இருந்தவைதாம். எனினும் நேரத்தை நொடியாலும் தூரத்தை அங்குலத்தாலும் அளந்து, அவ்வளவைப் பதிவேட்டில் எழுதி, அடுத்த ஆண்டு அதனை முறியடிக்குமாறு பிள்ளையை ஏவும் வழக்கம் அவற்றில் இருந்ததில்லை. அளவும் பதிவும் கைத்தொழில் முதலாளித்துவத்தோடு பிறந்தவை.

அவை பிறந்த இடம் இங்கிலாந்தின் 'பப்ளிக் ஸ்கூல்' ஆகும். பெயரிற் பொதுமை உண்டு. நடைமுறையிற் பொதுமக்களுக்கு அங்கு இடமில்லை. நிலவுடைமையாளரும் புதிதாகச் செல்வம் சேர்த்த கைத்தொழில் முதலாளிகளும் தம் மைந்தரை ஒருங்கே அனுப்பி, ஆளும் வர்க்கமாக ஒட்டவைத்த விடுதிப் பாடசாலைகளே அவை. 1828 முதல் 1842 வரை றக்பிப் பாடசாலையின் அதிபராக இருந்த தோமஸ் ஆர்னல்ட்டே விளையாட்டு வழிபாட்டின் தந்தை எனப் பலர் எழுதுவர். அவர் அக்கறை கொண்டது சமயத்திலும் ஒழுக்கத்திலுமாகும். மைதானத்தை அவரோடு இணைத்தது அவருடைய மாணவர் தோமஸ் ஹியூஸ் 1857இல் வெளியிட்ட 'டொம் பிறவுணின் பள்ளி நாட்கள்' என்ற நாவலே. ஒரு நாவல் ஒரு நிறுவனத்தின் கடந்தகாலத்தையே மாற்றி எழுதிவிடும் என்பதற்கு இலக்கிய மாணவர்க்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. இல்லம், இல்லத் தலைவன், இல்ல நிறம், கேடயம் யாவும் அவ்விடுதி வாழ்க்கையின் உறுப்புக்கள். விடுதியே இல்லாத புளியங்குளத்துப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில், மாலையிற் சைக்கிளில் வீடு திரும்பும் பிள்ளை தன்னை ஓர் 'இல்லத்தவன்' என்று சொல்லிக்கொள்கையில், அச்சொல்லின் பின்னே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு நிற்கின்றது.

மேற்கிந்தியரான சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட கிரிக்கெற் பற்றிய தமது நூலில் இச்சிக்கலை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்தார். ஆண்டானின் ஆட்டத்தை அடிமைப்பட்டவர் கற்று, அதன் விதிகளைக் கொண்டே ஆண்டானைச் சங்கடத்துக்குள்ளாக்கிய கதை அது. எனினும் ஜேம்ஸின் முடிவுகளை அப்படியே இங்கு கொண்டுவந்து பொருத்த இயலாது. யாழ்ப்பாணத்தில் ஆட்டத்தைக் கற்றவர் அடிமைப்பட்டவரல்லர். தமக்குக் கீழே ஒரு சமூகத்தை அடக்கி வைத்திருந்த வேளாள மத்தியதர வர்க்கத்தினர்.

1816இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கியதும், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி நிறுவப்பெற்றதும் பலரும் அறிந்தவை. வெஸ்லியன் மிஷனும் அங்கிலிக்கன் மிஷனும் தத்தம் கல்லூரிகளை எழுப்பின. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையே 1904இல் தொடங்கிய கிரிக்கெற் ஆட்டம் 'வடக்கின் பெரும் போர்' என்ற பெயரோடு இன்றும் நடைபெறுகின்றது. இவற்றுக்கு மாற்றாக எழுந்த சைவக் கல்லூரிகள் பாடத்திட்டத்தில் திருமுறையைச் சேர்த்தன. மைதானத்தில் எதனையும் மாற்றவில்லை. இல்லங்களுக்கு மிஷனரிமாரின் பெயருக்குப் பதிலாகத் தாபகர்களின் பெயரும் முகாமையாளர்களின் பெயரும் இடப்பட்டன. உள்ளடக்கத்தை எதிர்த்து உருவத்தை ஏற்றுக்கொள்ளும் இப்போக்கு ஆறுமுக நாவலரின் பிரசங்க மேடை தொடக்கம் நாம் காணும் ஒன்றேயாகும்.

அதே காலத்தில், 1920களின் இறுதியிலே, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பாடசாலையிற் சமாசனம் வழங்க வேண்டும் என்ற ஆணை வந்தபோது யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். வாங்கில் ஒருங்கே இருக்க மறுத்த சமூகம், ஓடுபாதையில் ஒருங்கே நிற்க இசைந்திருக்கும் எனக் கருத இடமில்லை. 'ஆட்ட ஒழுக்கம்', 'தோல்வியை முகமலர்ச்சியோடு ஏற்றல்' என அக்கல்லூரிகள் போற்றிய விழுமியங்கள் யாவும், ஏற்கெனவே தம்முள் சமமானவர்களாகத் தெரிவு செய்யப்பட்டோருக்கிடையே நிலவிய விழுமியங்களாகும்.

இலங்கையிலும் 'பப்ளிக் ஸ்கூல்' எனப்பட்டவை கட்டணம் அறவிட்ட ஆங்கிலக் கல்லூரிகளே. 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்ற டங்கன் வைற் கண்டித் திரித்துவக் கல்லூரியின் மாணவர் என்பது தற்செயலன்று.

இவ்விடத்து இன்னொரு மரபையும் ஒப்புநோக்குதல் பயனுடைத்து. 1903இல் நியூயோர்க் நகரில் அரசினர் பாடசாலைகளுக்கென ஒரு மெய்வல்லுநர் சங்கம் அமைக்கப்பட்டது. நகரப் பாடசாலைகளின் உடற்பயிற்சிப் பணிப்பாளர் லூதர் கியூலிக் அதன் மூலவர். உள்நாட்டுப் போரிற் பங்குகொண்ட ஜோர்ஜ் விங்கேற் அவருக்குத் துணை. அவ்வாண்டு டிசெம்பரில் மடிசன் ஸ்குயர் கார்டனில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர் பங்குகொண்ட முதற் போட்டி நடைபெற்றது. கிழக்கைரோப்பாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்து நெருக்கடியான குடியிருப்புக்களில் வாழ்ந்த தொழிலாளரின் பிள்ளைகளை 'அமெரிக்கராக' வார்த்தெடுப்பதே நோக்கம். கார்னகி, ரொக்ஃபெல்லர் முதலிய பெருமுதலாளிகள் பணம் கொடுத்தனர். கொடுத்ததற்குக் காரணம் வெளிப்படை: தெருவிலே திரியும் தொழிலாளர் மகன் வேலைநிறுத்த ஊர்வலத்திற் சேர்வதிலும் ஓடுபாதையில் ஓடுவது அவர்களுக்கு உகந்தது. தேசியத் துப்பாக்கிச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான விங்கேற், உயர்பாடசாலை மாணவருக்குக் குறிபார்த்துச் சுடும் பயிற்சியையும் அச்சங்கத்தின் வழியே புகுத்தினார்.

இத்தனையும் கூறியபின், அச்சங்கத்தில் எமக்கு வியப்பளிக்கும் ஓர் ஏற்பாட்டையும் கூறாதுவிடல் நேர்மையாகாது. அது மூவகைப் போட்டிகளை நடத்திற்று. ஒன்று நாம் அறிந்த வெற்றிவீரர் போட்டி. மற்றொன்று தகுதிச் சின்னம்: குறிக்கப்பட்ட அளவை எட்டிய ஒவ்வொரு பிள்ளைக்கும் சின்னம் உண்டு, பிறர் தோற்றாக வேண்டியதில்லை. மூன்றாவது வகுப்புப் போட்டி: ஒரு வகுப்பிலுள்ள மாணவருள் ஐந்தில் நான்கு பங்கினரேனும் பங்குகொள்ளல் வேண்டும்; அவர்களின் சராசரியே வகுப்பின் புள்ளி. கெட்டிக்காரன் ஒருவன் எவ்வளவு தூரம் பாய்ந்தாலும், பின்வாங்கில் இருக்கும் மெலிந்த பிள்ளை ஓரடி கூடுதலாகப் பாயாவிடின் வகுப்பு வெல்லாது. முதலாளிகளின் பணத்தில் நடந்த சங்கத்திலே கூட்டுடைமைக்கு ஒப்பான ஒரு கணக்குமுறை இருந்தது என்பது வரலாற்றின் முரண்நகை. 1905இல் அமைக்கப்பட்ட அதன் பெண்கள் பிரிவு பாடசாலைகளுக்கிடையிலான போட்டியை விலக்கிக் கிராமிய நடனத்தை வளர்த்தது. பெண் போட்டியிடலாகாது என்ற கருத்தும் அதிற் கலந்திருந்தமையை மறைக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்து மரபு ஒருவனைத் தெரிவு செய்வது. நியூயோர்க் மரபின் ஒரு பகுதியேனும் எல்லாரையும் எண்ணுவது. எமக்கு வாய்த்தது முன்னையது.

இலங்கையில் அம்மரபின் வர்க்க எல்லையை உடைத்திருக்கக்கூடிய வாய்ப்பு இருமுறை வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. பின்னர் 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. முதலாவது மாற்றம் சிங்களக் கிராமப்புறத்தில் மைதானத்தையும் தொட்டது. கண்டி மாவட்டத்து வலல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரி போன்ற கிராமியக் கல்லூரிகள் தலைநகரின் பெருங்கல்லூரிகளை ஓடுபாதையில் வென்றமை இதற்குச் சான்று. இரண்டாவது மாற்றம் பாடசாலையின் உடைமையை மாற்றிற்று. போட்டியின் உருவத்தை மாற்றவில்லை. அரசினர் பாடசாலைகள் யாவும் தத்தமக்கு இல்லங்களை அமைத்துக்கொண்டு, பெருங்கல்லூரிகளின் ஏழைப் பிரதிகளாயின.

இக்காலத் தமிழ் மாணவருள் தலைசிறந்தவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் உயரம் பாய்தலைப் பயின்ற அவர் மாணவப் பருவத்திலேயே 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற் பங்குகொண்டார். 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கப் பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அது. அப்போட்டி தொடங்கியது மே 24ஆம் நாள். அதே மே மாதத்து இறுதி வாரத்தில் இலங்கையில் தமிழர்மீது இன வன்செயல் கட்டவிழ்த்து விடப்பட்டது. அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. ஒரு தமிழ் மாணவனின் பாய்ச்சலுக்காக இலங்கைக் கொடி தோக்கியோவில் ஏறிய நாட்களில், அவன் மொழி பேசுவோர் அகதிகளாகக் கப்பலேறி வடக்கு நோக்கிச் சென்றனர். விளையாட்டு தேசிய ஒற்றுமையை வளர்க்கும் என மேடைதோறும் கூறுவோர் இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒரே வாக்கியத்திற் கூறிப் பார்ப்பது நன்று.

இனி வன்னிக்கு வருவோம். புளியங்குளம் என்ற பெயரிலேயே மரமும் குளமும் உள்ளன. வவுனியாவிலிருந்து வடக்கே செல்லும் கண்டி வீதியில், நெடுங்கேணிக்கும் அப்பால் முல்லைத்தீவுக்கும் கிழக்கு நோக்கிப் பிரியும் பாதையின் சந்தி அது. 1905இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடபகுதிப் புகையிரதப் பாதையில் ஒரு நிலையமும் உண்டு. அயலூர்கள் சிறுகுளத்தின் கீழ் அமைந்த பழைய வன்னிக் கிராமங்கள். அவற்றோடு வேறு மக்களும் வந்து சேர்ந்தனர். நிலமற்ற யாழ்ப்பாணத்தவர் குடியேற்றத் திட்டங்களுக்கு வந்தனர்; 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத் தமிழர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளின் காட்டோரங்களில் குடியமர்ந்தனர். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாயும் வெங்காயமும் விலை பெற்ற காலத்தில் வன்னியிற் சிறிது பணம் புழங்கிற்று. 1977இன் திறந்த பொருளாதாரம் அதனைத் துடைத்துச் சென்றது. பாடசாலைகள் இம்மக்களின் பாடசாலைகளே. ஒரே அஞ்சலோட்ட அணியில் பழைய வன்னிக் குடும்பத்துப் பிள்ளையும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவரின் பேரனும், தேயிலைத் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டவரின் மகளோ மகனோ ஒருவரும் கோல் மாற்றுதலை இப்பகுதியிற் காணலாம். அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வெளிவந்தது முதல் வன்னியின் காடும் குளமும் எமது நாவலுக்குள் வந்துவிட்டன. வன்னிப் பாடசாலையின் மைதானம் இன்னும் வந்தபாடில்லை.

போட்டியின் உருவம் மேலிருந்து வந்ததெனினும், அதற்கும் ஊரின் உற்பத்தி வாழ்வுக்கும் இடையே ஓயாத இழுபறி உண்டு. மெய்வல்லுநர் போட்டி பெரும்பாலும் முதலாந் தவணைக்குரியது. காலபோக நெல் வன்னியில் அறுவடையாவதும் தை முதல் பங்குனி வரையான அக்காலத்திலேயே. பயிற்சிக்கு வரவேண்டிய பிள்ளை வயலில் நிற்கின்றது. இதனை 'ஆர்வமின்மை' என அலுவலக அறிக்கை எழுதும். உண்மையில் அது கூலிக்கு ஆள்பிடிக்க இயலாத சிறு விவசாயக் குடும்பத்தின் கணக்கு. நகரப் பிள்ளைக்கு விளையாட்டு ஓய்வின் வேறு பெயர். இப்பிள்ளைக்கோ அது உழைப்பிலிருந்து திருடி எடுத்த நேரம்.

எனினும் ஊர் அப்போட்டியைத் தன்னுடையதாக்கிக் கொண்டது. நாம் புளியங்குளப் பகுதியிற் கண்ட இல்லப் போட்டிகளில், பயிற்றுவிக்கப்பட்ட வீரர் சிலரும் அவர்களைப் பார்க்கும் கூட்டமும் என்ற பிரிவு நிலைப்பதில்லை. மைதானத்துப் புல்லைச் செருக்குவது பெற்றோர். பந்தலுக்குக் காட்டுத்தடி வெட்டுவது பழைய மாணவர். இல்ல அலங்காரத்துக்குத் தென்னோலையும் பனையோலையும் வண்டியில் வருகின்றன. ஓர் இரவிலே கோயில் முகப்பும் குளக்கட்டும் எழும்புகின்றன. மேலதிகாரிகளின் பேச்சை எவரும் கேட்பதில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்; அந்நேரத்தில் ஐஸ்கிறீம் வண்டியைச் சுற்றியே கூட்டம். அணிநடை முடிந்து, ஓட்டங்கள் முடிந்து, வெயில் சாயும் வேளையில் பெற்றோருக்கான நிகழ்ச்சி வருகின்றது. கயிறிழுத்தலில் ஊரின் இரு பக்கத்தவரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டும் சாரத்தை மடித்துக்கொண்டும் இறங்குகின்றனர். பழைய மாணவர் ஓட்டத்தில் ஐம்பது வயதினர் வெறுங்காலோடு ஓடுகின்றனர். இல்லம் என்ற விடுதிச் சொல் இவ்விடத்திற் கிராமத்தின் குறிச்சிபோல, கோயிற் திருவிழாவின் உபயகாரர் பகுதிபோல இயங்குகின்றது. ஆளும் வர்க்கத்தை ஒட்டவைக்கப் பிறந்த உருவம், சிதறி வந்த மக்களை ஊராக்கும் வேலையைச் செய்கின்றது. ஜேம்ஸ் கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பார்.

இதன் மறுபக்கம் அடுத்த நாளே தொடங்குகின்றது. இல்லப் போட்டியில் வென்றவர் கோட்ட மட்டத்துக்கும், அங்கிருந்து வலய மட்டத்துக்கும், பின் மாகாண மட்டத்துக்கும், இறுதியாக அகில இலங்கைப் போட்டிக்கும் செல்லல் வேண்டும். வெளித்தோற்றத்தில் இது திறமையின் ஏணி. ஒவ்வொரு படியிலும் பிள்ளை எதைக் கையிற் கொண்டு செல்லவேண்டும் என்று பார்த்தால் ஏணியின் இயல்பு துலாம்பரமாகும். பாடசாலையில் வெறுங்கால் போதும். வலயத்தில் உழவு இயந்திரப் பெட்டியிலோ பஸ்ஸிலோ அதிகாலையிற் புறப்படல் வேண்டும். மாகாணப் போட்டி யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில் நடைபெறின் நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம், தங்குமிடம், உணவு, ஆணி பதித்த சப்பாத்து. கொழும்பிலோ தியகமவிலோ செயற்கை ஓடுபாதை. மண்ணைத் தவிர எதிலும் ஓடியறியாத கால் அதில் முதன்முறை வைக்கப்படுவது போட்டியன்றே. வட மாகாணக் கல்வி வலயங்களுள் யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் ஐந்து. வவுனியா மாவட்டத்தில் இரண்டு. புளியங்குளத்தின் வவுனியா வடக்கு வலயம் பரப்பிற் பெரிது, பாடசாலைகளிற் சிறிது. அதனுள் ஒரு பிள்ளை போட்டிக்குச் செல்லும் தூரம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இரு வலயங்களைக் கடக்கும்.

கோலூன்றிப் பாய்தலை நோக்குக. அதற்குக் கோல், நிலைக்கம்பம், விழுவதற்குத் தடித்த மெத்தை, இவற்றைக் கையாளத் தெரிந்த பயிற்றுநர் என அனைத்தும் வேண்டும். 2010களில் பெண்களுக்கான கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனையைப் பலமுறை முறியடித்த அனித்தா ஜெகதீஸ்வரன் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் உருவானவர். பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் நிறுவிய அக்கல்லூரியும் போரால் இடம்பெயர்ந்து அலைந்த ஒன்றேயாகும்; எனினும் நூற்றாண்டுக்கால நிறுவன நினைவும் கடல்கடந்த பழைய மாணவரும் அதற்கு உண்டு. அவரது சாதனையைக் குறைத்துக் கூறுதல் எமது நோக்கமன்று. அப்படியொரு பிள்ளை புளியங்குளத்துக் காட்டோரக் கிராமமொன்றிற் பிறந்திருப்பின் தனக்கு அத்திறமை உண்டு என்பதை அவளே அறிந்திருக்கமாட்டாள் என்பதே நாம் கூறவந்தது.

போர் இவ்வேணியையும் மைதானத்தையும் ஒருங்கே அழித்தது. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றது. 1997 மே 13ஆம் நாள் வவுனியாவிலிருந்து வடக்கு நோக்கித் தொடங்கிய 'ஜெயசிக்குறு' நடவடிக்கையில் புளியங்குளச் சந்தி மாதக்கணக்காகப் போர்க்களமாயிற்று. மக்கள் இடம்பெயர்ந்தனர், பாடசாலைகள் மரநிழலிலும் பிற பாடசாலைகளின் மாலை வேளையிலும் நடந்தன. 2002இன் போர்நிறுத்தத்துக்குப் பின், தெற்கே போட்டிக்குச் செல்லும் வன்னி மாணவன் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி ஏறியே செல்ல நேர்ந்தது. 2006இல் பாதை மீண்டும் மூடப்பட்டது. 2009இல் ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் செட்டிகுளத்து முகாம்களில் அடைக்கப்பட்டனர்.

இக்காலத்தைப் பற்றிப் பேசுகையில் ஒன்றனை மறைத்தல் ஆய்வாளர்க்கு அழகன்று. ஓடத் தெரிந்த, உடல் வலிய பிள்ளையை நாடி வந்தோர் விளையாட்டு அதிகாரிகள் மட்டுமல்லர். பதினெட்டு வயது நிரம்பாதோரைப் போராட்ட இயக்கம் சேர்த்தமை ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்தால் ஆண்டுதோறும் பதிவு செய்யப்பட்டது. மறுபுறத்தில் தென்னிலங்கைக் கிராமத்து ஏழை மெய்வல்லுநருக்குப் பாடசாலைக்குப் பின் சம்பளமும் பயிற்சியும் தந்தது பெரும்பாலும் தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் என்பவற்றின் விளையாட்டுக் கழகங்களே. அப்பாதை வன்னிப் பிள்ளைக்கு எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே பாடசாலை விடும் பதினெட்டாம் வயதிலோ பத்தொன்பதாம் வயதிலோ அவனுடைய ஓட்டம் முடிந்துவிடுகின்றது. அணிநடையின் கால்மாற்றமும் விங்கேற் புகுத்திய குறிபார்ப்பும் நினைவுக்கு வருகின்றன. பிள்ளையின் உடலை மைதானத்தில் அளப்பவர் எவரும் அவ்வளவைத் தம் தேவைக்காகவே அளந்து வந்துள்ளனர்.

2009க்குப் பின் மிதிவெடி அகற்றப்பட்ட நிலத்தில் மக்கள் மீளக் குடியமர்ந்தனர். 2013 செப்டெம்பரில் புகையிரதம் கிளிநொச்சியை அடைந்தது. புளியங்குள நிலையமும் உயிர்பெற்றது. பாடசாலைகளில் இல்லங்கள் மீண்டும் கொடியேற்றின. புலம்பெயர்ந்த உறவினரின் பணத்தில் வெற்றிக்கிண்ணங்கள் பெருகின; ஆண்டுக்காண்டு கிண்ணத்தின் உயரம் கூடுகின்றது. கிண்ணத்துக்குக் கிடைக்கும் பணம் ஒரு மெத்தைக்கோ, பயிற்சிக் காலத்து மாலை உணவுக்கோ கிடைப்பது அரிது. கொடுப்பவரின் பெயரைக் கிண்ணத்திற் பொறிக்கலாம். ஒரு கோப்பை பயற்றங்கஞ்சியிற் பொறிக்க இயலாது.

பெண்பிள்ளைகள் பற்றித் தனியே எழுதப்பட வேண்டியன பல. ஆண் துணையற்ற குடும்பங்கள் மலிந்த வன்னியில், தாயோடு கூலிக்குச் செல்லும் மூத்த மகளே பாடசாலையின் சிறந்த ஓட்டக்காரியாகவும் இருத்தலைக் கண்டுள்ளோம். அவள் பருவமெய்தியதும் ஓட்டம் நிறுத்தப்படுவதுண்டு. தாயே அனுப்பிவைப்பதும் உண்டு. 2023இல் முல்லைத்தீவு, முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி என்னும் மூதாட்டி தமது 72ஆம் வயதிற் பிலிப்பைன்ஸ் சென்று முதியோர் மெய்வல்லுநர் போட்டியில் இரு தங்கப் பதக்கங்கள் பெற்றபோது பத்திரிகைகள் அதனை ஓர் அதிசயமாக வெளியிட்டன. அதிசயம் அவருடைய கால்களில் இல்லை. அப்படிப்பட்ட கால்கள் வன்னியில் எப்போதும் இருந்தன; அவருக்கு எழுபத்திரண்டு வயதாகும்வரை நாடு அவற்றைப் பார்க்கவில்லை.

புளியங்குளப் பகுதியிற் பணியாற்றிய உடற்கல்வி ஆசிரியர் ஒருவரை நாம் சந்தித்தோம். பரிசில் பட்டியலை எதிர்பார்த்துச் சென்ற எம்மிடம் அவர் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியைத் தந்தார். அதில் வென்றவரின் பெயர் மட்டுமன்றி அவரிடம் கற்ற எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தவணைக்கு ஒருமுறை அளந்த நீளம் பாய்தலின் தூரம். கால் ஊனமுற்ற பிள்ளை ஒன்றுக்கு நின்றபடி பந்தெறிந்த தூரம். ஏன் இப்படி எனக் கேட்டோம். வலயத்துக்கு அனுப்புவதற்கு நால்வர் போதும், மற்றவர்களும் தன்னிடம்தானே படிக்கிறார்கள் என்றார். நியூயோர்க்கின் வகுப்புப் போட்டி பற்றி அவர் கேள்விப்பட்டதில்லை. நாம் விளக்கிச் சொன்னபோது, சராசரி எடுப்பது நல்ல யோசனை, ஆனால் மாசி மாதத்தில் ஐந்தில் நான்கு பங்கு பிள்ளைகள் வகுப்பில் இருக்கமாட்டார்கள் என்று சிரித்தார். கொப்பியின் மாசி மாதப் பத்திகளைப் புரட்டிப் பார்த்தோம். தூரம் எழுத வேண்டிய பல கட்டங்களில் 'அருவி வெட்டு' என்று எழுதப்பட்டிருந்தது.